தாலி கட்டும்போது அம்மா எங்கே நின்றார்?

திங்கள் முதல் வெள்ளி வரை நான் ஒரு வங்கிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். சனி, ஞாயிறுகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண மேடையைச் சுற்றி ஓடுகிறவன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இது தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மாஸ்டர்ஸ் படிக்க கனடா வந்தபோது முதல் குளிர்காலத்தில் பொழுது போகாமல் செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கினேன். நண்பன் ஒருவன் கல்யாணத்துக்கு "நீதான்டா எடுக்கணும்" என்றான். அவனுக்குக் காசு மிச்சம், எனக்குப் பழக்கம். அங்கே ஆரம்பித்தது. டொராண்டோவிலும் சுற்றியிருக்கும் மார்க்கம், பிராம்ப்டன், மிசிசாகாவிலுமாக இதுவரை நூறு கல்யாணத்துக்கு மேல் எடுத்தாயிற்று. இப்போது என் மனைவிதான் இரண்டாவது கேமரா. அவள் எடுப்பது பல நேரம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். அதை வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன், இங்கே எழுதலாம்.

"போட்டோ எடுக்கறதுல என்ன கஷ்டம், பட்டனை அமுக்கினா போச்சு" என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆபீஸில் புரொடக்‌ஷனில் ஏதாவது உடைந்தால் ரோல்பேக் பண்ணிவிட்டு டீ குடிக்கப் போகலாம். தாலி கட்டினதை ரோல்பேக் பண்ண முடியாது. கெட்டிமேளம் என்று குரல் கேட்டதிலிருந்து மூன்றாவது முடிச்சு விழும்வரை ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்தில்தான் எல்லாக் கைகளும் அட்சதையோடு மேலே போகும். இப்போதெல்லாம் அட்சதைக் கைகளைவிடப் போன் கைகள் அதிகம். மாப்பிள்ளை முகத்துக்கும் என் லென்ஸுக்கும் நடுவில் யாரோ ஒரு மாமாவின் ஐபேட் வந்து நிற்கும். அதனால் நான் முன்னாடியே இடம் பிடித்துவிடுவேன். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும் மற்ற இரண்டையும் போட நாத்தனார் பின்னால் குனிவார். அந்த முகமும் வேண்டும், இந்த முகமும் வேண்டும். ஆகவே ஒரு கேமரா முன்னால், ஒரு கேமரா தள்ளி.

தமிழ்க் கல்யாணம் என்று ஒன்று இருப்பதாகத்தான் ஊரில் இருக்கும்போது நினைத்திருந்தேன். இங்கே வந்துதான் எத்தனை விதம் என்று பார்த்தேன்.

பிராம்ப்டனில் ஒரு ஐயர் வீட்டுக் கல்யாணம். அக்டோபர் மாசம், காற்று காதை அறுக்கிறது. காசி யாத்திரைக்கு ஹோட்டலில் வேறு இடம் கிடைக்காமல் கார் பார்க்கிங்கில் வைத்தார்கள். மாப்பிள்ளை பஞ்சகச்சம், குடை, கைத்தடி, விசிறியோடு டெஸ்லாக்களுக்கு நடுவே நடக்கிறார். விசிறி எதற்கு என்று அந்தக் குளிரில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி என்னிடம் "இவர் எங்கே போகிறார்?" என்று கேட்டார். "சந்நியாசம் வாங்கக் காசிக்குப் போறார், பெண்ணோட அப்பா வந்து தடுத்துருவார்" என்றேன். பாட்டி பெட்டியை வைத்துவிட்டு, அப்பா வந்து தடுக்கும்வரை நின்று பார்த்துவிட்டுக் கை தட்டினார். அன்று எடுத்த படங்களில் எனக்குப் பிடித்தது அந்தப் பாட்டிதான். அதே கல்யாணத்தில் பெண்ணை அப்பா மடியில் உட்காரவைத்துத்தான் தாலி கட்டினார்கள். முப்பது வயதுப் பெண், முட்டி ஆபரேஷன் பண்ணின அப்பா. வலியில் அவர் பல்லைக் கடித்ததும் கண் கலங்கினதும் ஒரே படத்தில் விழுந்திருக்கிறது. எது வலி, எது அழுகை என்று அவருக்கே தெரியாது.

ஈழத்துக் கல்யாணங்களில்தான் நான் அதிகம் திட்டு வாங்கியிருக்கிறேன், அதிகம் கற்றுக்கொண்டதும் அங்கேதான். பொன்னுருக்கு என்ற சடங்கையே இங்கே வந்துதான் பார்த்தேன். கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் தாலிக்கான பொன்னை உருக்குவார்கள். அதற்குப் பிறகு கல்யாணம்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் பார்த்துக்கொள்ளக் கூடாது. ஸ்கார்பரோவில் ஒரு வீட்டில் பொன் உருகிக்கொண்டிருக்கும்போது ஸ்மோக் அலாரம் அலற ஆரம்பித்துவிட்டது. ஆச்சாரி அசையவில்லை. ஒரு தம்பி நாற்காலியில் ஏறித் துவாயால் விசிறிக்கொண்டே நின்றான். கல்யாணத்தன்று கூறை உடுத்திப் பெண் மணவறைக்கு வருவதை நான் சரியாகவே பிடித்தேன். கடைசியில் பெரியவர்கள் வரிசையாக வர, ஊரில் மேடையேறி மொய்க் கவர் கொடுப்பது போலத்தான் என்று நினைத்து பேட்டரி மாற்றப் போனேன். அது அறுகரிசி போடுவது. அறுகம்புல்லும் அரிசியும் எடுத்துத் தம்பதிகளை ஆசீர்வதிப்பது. திரும்பி வந்தபோது ஒரு மாமி இடுப்பில் கை வைத்து நின்றார். "தம்பி, எங்க போனனீங்கள்? அப்பப்பாவும் அப்பம்மாவும்தான் முதல் போட்டவை. இனி ஆரை எடுக்கப் போறீங்கள்?" எனக்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்கும் முன்னால் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் சடங்குகளின் வரிசையைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். தெரிந்த சடங்குதானே என்று விடுவதில்லை. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும்.

தேவாலயக் கல்யாணங்களில் வேறு கணக்கு. ஃபாதர் முதலிலேயே கூப்பிட்டு, ஃபிளாஷ் கூடாது, இந்தப் படியைத் தாண்டக் கூடாது, சத்தம் கூடாது என்று சொல்லிவிடுவார். தாலியை மந்திரித்துக் கொடுக்கும் இடத்தில் மட்டும் ஒரு அடி முன்னால் வர அனுமதி கேட்பேன். சைலன்ட் ஷட்டர் போட்டால் சத்தம் வராது, ஆனால் சில எல்.இ.டி. விளக்குகளின் கீழே படம் முழுக்க வரி வரியாக விழும். முந்தின நாளே போய் விளக்கைப் போடச் சொல்லிச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இன்னொரு கல்யாணம், கோயில் மண்டபத்தில், மொத்தம் இருபது பேர். இரண்டு பக்கத்துப் பெற்றோருக்கும் விசா கிடைக்கவில்லை. ஜூலை மாசம், இங்கே காலை 10.30 முகூர்த்தம், சென்னையில் இரவு 8 மணி. இரண்டு போன்களை டிரைபாடில் நிறுத்திப் பெற்றோர் உட்கார வேண்டிய இடத்தில் வைத்தோம். அங்கே அவர்கள் பட்டுப்புடவை, வேட்டி, தலையில் பூ என்று முழு அலங்காரத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். தாலி ஏறினதும் பெண்ணின் அம்மா எழுந்து, டிவியில் தெரிந்த மகளுக்கு ஆரத்தி சுற்றினார். சுற்றி முடித்துவிட்டு அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல் தட்டோடு நின்றார். போன் திரையைப் படம் எடுப்பது லேசில்லை, திரை மின்னும், நிறம் மாறும். ஷட்டரைக் குறைத்துக் குறைத்து, பதினோராவது படத்தில்தான் அவர் முகம் கிடைத்தது.

இதெல்லாம் சந்தோஷமாகச் சொல்லக்கூடிய கதைகள். இந்த மாதம் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

இரண்டு வருஷம் முன்னால் மார்க்கத்தில் ஒரு கல்யாணம். அப்பாவை 2009-இல் வன்னியில் இழந்த பெண். அம்மா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட் வேலை பார்த்து வளர்த்திருக்கிறார். இந்த விவரமெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று தெரிந்தது, ஹால் வாசலில் மாலை போட்ட அப்பாவின் படம். அதை மூன்று கோணத்தில் எடுத்தேன். விளக்கு பிரதிபலிக்காமல் எடுக்க மெனக்கெட்டேன்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் கன்னிகாதானம் செய்து கொடுத்தார்கள். அம்மா மணவறைக்குப் பக்கவாட்டில், ஒரு தூணை ஒட்டி நின்றிருந்தார். வெளிர் நிறப் பட்டுப்புடவை. முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நான் ஃப்ரேம் பார்த்தேன். அவர் தோள் ஓரத்தில் விழுந்தது. பாதி வெட்டுப்பட்ட ஆள் ஓரத்தில் இருந்தால் படம் கெடும், அதுதான் என் மண்டையில் ஓடியது. "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "சரி தம்பி" என்று நகர்ந்தார். நான் வியூஃபைண்டருக்குத் திரும்பிவிட்டேன். எஃப் 2.8, 1/200, ஐஎஸ்ஓ 3200. கெட்டிமேளம். படங்கள் நன்றாக விழுந்தன. மிக நன்றாக விழுந்தன.

மூன்று வாரம் கழித்து ஆன்லைன் கேலரியை அனுப்பினேன். மறுநாள் பெண்ணிடமிருந்து மெயில். படங்கள் அருமை என்று ஆரம்பித்து, கீழே ஒரு கேள்வி. "தாலி கட்டும்போது அம்மா எங்கே நிண்டவ? ஒரு படத்திலயும் இல்லையே? பெரியம்மா அவவைத் தள்ளிப் போகச் சொன்னவவோ எண்டு எனக்கு ஒரு சந்தேகம். அம்மாட்ட கேட்டா ஒண்டும் சொல்லுறா இல்லை. நீங்கள் பாத்தீங்களோ அண்ணா?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்து அன்றைய 3,400 படங்களையும் நேர வரிசையில் போட்டுப் பார்த்தேன். 10.50 வரை அம்மா இருக்கிறார். அடுத்து அவர் தெரிவது 11.30-க்கு, சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில். நடுவில் என் கேமராவில் எங்குமே இல்லை. நான் சொன்னது இரண்டடி. அவர் கேட்டது அது இல்லை. அப்பா இல்லாத அம்மா, நல்ல காரியம் நடக்கிற மேடை, யாரோ ஒருத்தன் வந்து தள்ளி நில்லுங்கள் என்கிறான். அவருக்கு அதில் புதிதாக எதுவும் கேட்டிருக்காது. அதனால்தான் மறுபேச்சே பேசவில்லை.

மனைவியின் கேமராவில் தேடினேன். அவள் ஹாலின் பின்பக்கத்திலிருந்து நீள லென்ஸில் எடுத்துக்கொண்டிருந்தாள். கெட்டிமேளத்தின்போது கூட்டத்தைத் திருப்பி எடுத்த ஒரு படம். எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு நிற்க, கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம் அம்மா. கையில் நாலைந்து தாம்பூலப் பைகள். குதிகாலைத் தூக்கி, முன்னால் நிற்கிறவர்களின் தலைக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்தப் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு, "கூட்டத்தில் பின்னால் நின்றிருக்கிறார் போல" என்று எழுதியிருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், அப்படி ஒரு மெயிலை டைப் பண்ணவும் செய்தேன். கல்யாண போட்டோகிராபருக்கு விளம்பரம் வாய்வார்த்தைதான். ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் "அம்மாவையே தள்ளி நிக்கச் சொன்னவன்" என்று போட்டால் அந்த சீசனே முடிந்தது. பாதிப் பணம் வேறு இன்னும் வரவேண்டியிருந்தது. இரண்டு நாள் அந்த மெயில் டிராஃப்டிலேயே கிடந்தது. மனைவிதான் கேட்டாள். "அந்தப் பெரியம்மாவோட இவ பேசாம விட்டுட்டா? அவங்க என்ன பண்ணாங்க பாவம்?"

சனிக்கிழமை காலை போன் போட்டேன். சொன்னேன். ஃப்ரேமுக்காகச் சொன்னேன் என்றேன், அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசிக்கவே இல்லை என்றேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "ஓகே அண்ணா. பெரியம்மாட்ட நான் சொறி சொல்லோணும்" என்றாள். போனை அம்மாவிடம் கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் அவர் நிறுத்திவிட்டார்.

"நீங்கள் சொல்லாட்டிலும் நான் தள்ளித்தான் நிண்டிருப்பன், தம்பி. அதை யோசிச்சு மனசைக் குழப்பாதேங்கோ."

எனக்கு ஆறுதலுக்குச் சொன்னாரா, அதுதான் நிஜமா என்று இன்றைக்கும் தெரியாது. நிஜமாக இருந்தால் அது எனக்கு ஆறுதலும் இல்லை. அவர் முகூர்த்தம்வரை அந்தத் தூணை விட்டு அசையாமல்தான் நின்றிருந்தார், அதை நான் பார்த்தேன். மீதிப் பணம் வேண்டாம் என்றேன். பெண் கேட்கவில்லை, முழுசாக அனுப்பினாள். அந்தக் கதவோரப் படத்தை மட்டும் பெரிதாக பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னாள். கொடுத்தேன். எங்கே மாட்டியிருக்கிறாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு என் ஃபார்மில் ஒரு கேள்வி சேர்த்தேன். முகூர்த்த நேரம், ஹால் முகவரி, சாப்பாட்டு நேரம் எல்லாம் கேட்கும் அதே ஃபார்ம். "தாலி கட்டும்போது உங்கள் பக்கத்தில் யார் யார் நிற்க வேண்டும்?" கேள்வி சின்னதுதான். ஆனால் அதை நிரப்ப உட்காரும்போதுதான் பல வீடுகளில் பேச்சே தொடங்குகிறது. போன கோடையில் ஒரு பெண் அந்த இடத்தில் "அம்மா. அம்மா மட்டும்" என்று எழுதியிருந்தாள். அவளுக்கும் அப்பா இல்லை. முகூர்த்தத்தின்போது அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் வலப்பக்கம் நிறுத்திக்கொண்டாள். பின்வரிசையில் இரண்டு பேர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. ஐயர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். அம்மாவுக்குத்தான் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்தப் படத்தில் அவர் தோள் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. அப்படியே கொடுத்தேன்.

வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் நான் சொல்வது நான்கு. ஒன்று, சடங்கு வரிசையையும் முக்கியமான பத்து உறவுகளையும் எழுதி போட்டோகிராபரிடம் முன்கூட்டியே கொடுங்கள், கல்யாணத்தன்று அவர்களைக் காட்டிக்கொடுக்க ஒரு ஆளையும் ஒதுக்குங்கள். இரண்டு, ஹோமம் உண்டென்றால் ஹால்காரர்களிடம் நெருப்புக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள், கடைசி நேரத்தில் மெழுகுவத்தி வைத்து ஹோமம் செய்த கல்யாணத்தையும் பார்த்திருக்கிறேன். மூன்று, மேடையில் ஊதா விளக்கு வேண்டாம் என்று டெக்கரேட்டரிடம் சொல்லுங்கள், நம் முகத்தை அது நோயாளி ஆக்கிவிடும். நான்கு, என் ஃபார்மில் இருக்கும் அந்தக் கேள்விக்கு, யார் போட்டோகிராபராக இருந்தாலும், வீட்டில் உட்கார்ந்து பதில் எழுதிவிடுங்கள்.

இதை எழுதுவதற்கு முன்னால் என் சொந்தக் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். மதுரையில் நடந்த கல்யாணம். அப்பா நான் காலேஜ் படிக்கும்போதே போய்விட்டார். மணையில் சித்தப்பாவும் சித்தியும் உட்கார்ந்தார்கள், அப்போது எனக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை. நாற்பது பக்கக் கரிஷ்மா ஆல்பம். ரிசப்ஷனில் அம்மா இருக்கிறார், குரூப் போட்டோவில் ஓரத்தில் இருக்கிறார். தாலி கட்டும் நான்கு பக்கத்தில் இல்லை. நூறு கல்யாணம் எடுத்தவன், என் ஆல்பத்தில் இதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணினேன்.

"அம்மா, என் கல்யாணத்துல தாலி கட்றப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"பந்தியில இலை போட்டாச்சான்னு பாக்கப் போயிருந்தேன்டா. யாராச்சும் பாக்கணும்ல?"

"தாலி கட்றப்பவா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"ஏன்டா இப்போ அதெல்லாம்? நீ சாப்ட்டியா?"